மேற்குப் பார்த்த பால்கனிக்கு எந்தத் தொட்டி?

போன சித்திரையில் என் தங்கை சென்னை மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடியில் நான்காவது மாடிக்குக் குடிபோனாள். பால் காய்ச்சிய அன்றைக்கே பால்கனியில் நின்றுகொண்டு, "அக்கா, இங்க என்ன தொட்டி வைக்கலாம்னு சொல்லு, நாளைக்கே போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்றாள். 8 அடி நீளம், 4 அடி அகலம், மேற்குப் பார்த்த பால்கனி. எதிரே இன்னும் கட்டடம் எழவில்லை. மதியம் ஒரு மணிக்குப் பிறகு வெயில் தங்குதடையில்லாமல் உள்ளே வந்து விழுகிறது. நான் அவளை அன்றைக்கு எதையும் வாங்க விடவில்லை. அக்னி நட்சத்திரம் வரப்போகிற நேரத்தில் மேற்கு வெயிலில் நாற்று வைத்தால் பத்து நாளில் கருகிவிடும். ஆடி பிறக்கட்டும், ஆடிப்பட்டம் தேடி விதைக்கலாம், அதுவரை எது சரிப்படும் என்று யோசிப்போம் என்றேன். அந்த மூன்று மாதம் இருவரும் போனிலும் நேரிலும் பேசிப் பேசித் தீர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். தமிழில் தொட்டிச் செடிகளைப் பற்றிக் கிடைக்கிற யோசனைகள் பெரும்பாலும் மொட்டை மாடிக்குச் சொன்னவை. மொட்டை மாடியில் காலை முதல் மாலை வரை வெயில் உண்டு. தண்ணீர் எங்கே வழிந்தாலும் கடைசியில் மழைநீர்க் குழாய்க்குத்தான் போகும். பால்கனியில் வெயில் ஒரே பக்கத்திலிருந்து, அதுவும் சில மணி நேரம் மட்டும்தான். வழிகிற தண்ணீர் கீழ் வீட்டுக்காரர் தலைக்குப் போகும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், மொட்டை மாடியில் முதலிடம் பிடிக்கிற தொட்டி இங்கே மூன்றாவது இடத்துக்கு இறங்கிவிடுகிறது.

வெயிலை எடுத்துக்கொள்வோம். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை எதுவானாலும் தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். புதினா, கற்பூரவள்ளி, வெற்றிலைக் கொடி இவையெல்லாம் அதற்கும் குறைவாகவே வாழும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேர் மேலே வந்து, அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை கொஞ்சம் வடக்கே சாய்ந்தே நிற்கிறது. ஆகவே தெற்குப் பார்த்த பால்கனிக்குக் கோடையில் நேர் வெயில் ஏறக்குறைய இல்லை. ஐப்பசிக்குப் பிறகு தை, மாசி வரை தாராளமாக வரும். வடக்குப் பார்த்தது இதற்கு நேர் எதிர். கிழக்குக்குக் காலை இளவெயில், செடிக்கு அதைவிட நல்லது கிடையாது. மேற்கு வருடம் முழுக்க வெயில் தரும், ஆனால் நாளின் மிகச் சூடான நேரத்தில் தரும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று கைப்பிடிச் சுவர். கம்பி வைத்த பால்கனி என்றால் தரையில் வைத்த தொட்டிக்கும் வெயில் கிடைக்கும். தங்கை வீட்டில் மூன்றரை அடிக்குச் செங்கல் சுவர். அந்தச் சுவரை ஒட்டித் தரையில் வைக்கிற தொட்டிக்கு நாள் முழுக்க நிழல்தான். செடி வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிடும். மாலையில் சூரியன் இறங்க இறங்க வெயில் உள் சுவர் வரை வரும். அதனால் வெயில் கேட்கிற செடிகள் ஒன்று உள் சுவரோரம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரும்பு ஸ்டாண்டில் கைப்பிடி உயரத்துக்கு ஏற வேண்டும். நாற்காலி போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, மணிக்கு ஒரு முறை வெயில் விழும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போடச் சொன்னேன். எந்தத் தொட்டியையும் விட அந்தச் சாக்பீஸ் கோடு அவளுக்கு அதிகம் உதவியது.

இனி தொட்டிகள். சிமெண்ட் தொட்டியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தனி வீட்டு வாசலுக்கு நல்லது. அடுக்குமாடிக்கு வேண்டாம். வெறும் தொட்டியையே இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கும்.

பிளாஸ்டிக் தொட்டியிடம் எனக்கு ஒரு பாடம் இருக்கிறது. முன்பு நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலும் மேற்குப் பார்த்த பால்கனிதான். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஆறு வாங்கி மிளகாய் வைத்தேன். வைகாசியில் ஒரு செடி மதியமானால் துவண்டு போகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன், இன்னும் துவண்டது. விரலை விட்டுப் பார்த்தால் மண் நன்றாக ஈரமாக இருக்கிறது. ஒரு நாள் செடியை மண்ணோடு கவிழ்த்துப் பார்த்தேன். மண் தொட்டி வடிவத்திலேயே முழுதாக வந்தது. உள்பக்கம், அதாவது வீட்டுச் சுவரைப் பார்த்த பக்கம், வேர்கள் வெள்ளை நூல்போலப் படர்ந்திருந்தன. மேற்கைப் பார்த்த பக்கம் முழுக்கப் பழுப்பு. விரலால் தொட்டதும் தோல் கழன்று உள்ளே நரம்பு மட்டும் நின்றது. வெயிலில் தொட்டிச் சுவர் காய்ந்து, அதை ஒட்டியிருந்த வேர் வெந்துபோயிருக்கிறது. நான் ஊற்றிய தண்ணீர் வெந்த வேரை அழுக வைத்தது, அவ்வளவுதான்.

அதற்காக பிளாஸ்டிக்கை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். எடை குறைவு, ஈரம் நெடுநேரம் நிற்கும், அடியில் தட்டு சரியாகப் பொருந்தும். கிழக்கு, வடக்கு பால்கனிகளுக்கு அதுதான் என் முதல் தேர்வு. மேற்குக்கு வாங்குவதென்றால் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே கறுப்பு இருந்தால் வெளியே சுண்ணாம்பு அடிக்கலாம், நனைத்த கோணிச் சாக்கைச் சுற்றலாம், ஒரு பெரிய தொட்டிக்குள் இறக்கி வைக்கலாம். வெயில் நேராகத் தொட்டிச் சுவரில் படாமல் இருந்தால் போதும், இலையில் படுவதைச் செடி தாங்கிக்கொள்ளும். பழைய பெயிண்ட் வாளிக்கும் இதே கதைதான். பெரும்பாலும் வெள்ளையாக இருப்பதால் வெயிலை நன்றாகவே தாங்குகிறது. 20 லிட்டர் வாளியில் அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டால் ஒரு கத்தரிச் செடிக்கு வசதியான வீடு.

மண் தொட்டி வெயிலைச் சமாளிக்கிற விதம் பானைத் தண்ணீர் குளிர்கிற அதே விதம். சுவரின் நுண்துளை வழியே ஈரம் கசிந்து, ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பங்குனி மாதம் மூன்று மணிக்கு என் மண் தொட்டியின் வெயில் பக்கத்தில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், பக்கத்து பிளாஸ்டிக் தொட்டியில் கையை வைத்திருக்க முடியாது. வேருக்குக் காற்றும் கிடைக்கும். ஆனால் அந்தக் குளிர்ச்சிக்கு விலை தண்ணீர்தான். நான்காவது மாடிக் காற்றில் மண் தொட்டி காலையில் ஊற்றியதை மாலைக்குள் குடித்துவிடும். கோடையில் இரண்டு வேளை ஊற்ற வேண்டும். 12 அங்குலத் தொட்டி வெறுமையாகவே ஆறேழு கிலோ இருக்கும். போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் வெளிப்பக்கம் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும், அதை நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். துளசி, மல்லிகை, கற்றாழை போன்று பல வருடம் ஒரே இடத்தில் இருக்கப்போகிற, வேரில் ஈரம் தேங்கினால் பிடிக்காத செடிகளுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. மூன்று மாதத்தில் பிடுங்கப்போகிற கீரைக்கு இவ்வளவு எடையைச் சுமக்க வேண்டியதில்லை.

குரோ பேக், அதாவது செடி வைக்கிற பிளாஸ்டிக் பை, இன்று எல்லோர் கண்ணிலும் படுகிறது. 2013-14இல் தமிழகத் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் 'நீங்களே செய்து பாருங்கள்' என்ற பெயரில் மானிய விலையில் மாடித்தோட்டப் பொருட்களைக் கொடுத்த பிறகுதான் அது பரவலானது என்பது நான் பார்த்தது. பை, தென்னை நார்க்கழிவை அழுத்திச் செய்த நார்க்கட்டி, விதை எல்லாம் சேர்ந்த தொகுப்பு. ஒரு மண் தொட்டி வாங்குகிற காசில் அதே அளவில் மூன்று நான்கு பை வாங்கிவிடலாம். காலியானால் மடித்து அலமாரியில் வைக்கலாம். நிரம்பிய பையை இரண்டு காதையும் பிடித்து இழுத்து இடம் மாற்றலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வருகிறது என்றதும் நான் பன்னிரண்டு பைகளையும் ஹாலுக்குள் இழுத்துவிட்டேன். மண் தொட்டிகளை அப்படி இழுத்திருக்க முடியாது, சுவரோரம் ஒன்றோடொன்று நெருக்கி வைத்துக் கயிறு கட்டியதோடு சரி.

பால்கனியில் குரோ பேக்கின் குறை அதன் ஓட்டை. பக்கவாட்டில், அடியிலிருந்து ஓரிரு அங்குலத்துக்கு மேலே ஓட்டை வைத்திருப்பார்கள். மொட்டை மாடியில் அது பிரச்சினையே இல்லை. பால்கனியில் ஊற்றிய தண்ணீர் அந்த ஓட்டை வழியே பீய்ச்சி, தட்டைத் தாண்டித் தரையில் ஓடும். பால்கனித் தரை எப்போதும் வெளிப்பக்கம் சரிவாகத்தான் இருக்கும். நான் முதன்முதலில் பை வைத்த வாரத்தில் செம்மண் கலந்த தண்ணீர் வழிந்து, கீழ் வீட்டு மாமி காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டியில் நீளமாகக் கோடு இழுத்துவிட்டது. மாமி வேட்டியை எடுத்துக்கொண்டு மேலே வந்து காட்டினார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அன்றிலிருந்து பைகளைப் பழைய குளியல் டப் போன்ற அகலமான தொட்டித் தட்டுகளில் இரண்டிரண்டாக வைக்கிறேன். ஊற்றுவதும் ஒரே மூச்சில் இல்லை, முதலில் ஒரு குவளை, மண் நனைந்து இறங்கியதும் இன்னொரு குவளை.

இன்னொரு குறை ஆயுள். நெய்த பிளாஸ்டிக் பைகளில் வெயில் தாங்கும் பூச்சு நல்லதாக இருந்தால் மூன்று வருடம் போகும். மட்டமான பை ஒன்றரை வருடத்தில் நூல் நூலாக உதிரும். அந்த நூல் மண்ணில் கலந்தால் பொறுக்கி எடுக்கவே முடியாது. உதிரத் தொடங்கியதும் அடுத்த விளைச்சலுக்குக் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

துணிப்பை என்று விற்கிற ஜியோ ஃபேப்ரிக் பையையும் வைத்துப் பார்த்தேன். அதில் வேர் சுவரைத் தொட்டதும் காற்றுப் பட்டு நுனி காய்ந்து, பக்கவேர் விடும். பிளாஸ்டிக்கில்போல வேர் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடாது. செடி அழகாக வருகிறது, மழைக்காலத்தில் ஒரு நாள்கூட வேர் அழுகவில்லை. ஆனால் நாலு பக்கமும் கசிகிறது. ஒட்டி வைத்த சுவரில் ஈரக் கறை, பாசி. மேற்குக் காற்றில் மண் தொட்டியை விட வேகமாக உலர்கிறது. மொட்டை மாடிக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். தங்கைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மீன் வருகிற தெர்மகோல் பெட்டியை யாரும் இந்தப் பட்டியலில் எதிர்பார்க்க மாட்டார்கள். சிந்தாதிரிப்பேட்டை மாதிரியான மீன் மார்க்கெட் பக்கம் சொல்லி வைத்தால் கிடைக்கும். ஐஸ் உருகாமல் காக்கிற பெட்டி வேரையும் சூட்டிலிருந்து காக்கும். ஒரு முழம் ஆழம்கூட இல்லை, ஆனால் அரைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் 6 அங்குலம் மண் போதும். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு நாள் வெயிலில் போட்டால் வாடை போய்விடும். வெயிலில் மேல்பக்கம் பொடிந்து உதிராமல் இருக்க வெளியே தண்ணீரில் கலக்கிற வெள்ளைப் பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள். மேற்குப் பால்கனியில் கீரைக்கு இதுவரை எனக்கு இதைவிட நல்ல பலன் எதிலும் வரவில்லை.

தொட்டிக்குச் சமமாக முக்கியம் அதில் நிரப்புவது. 12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள பை 22 லிட்டர் கொள்ளும். மேலே இரண்டு அங்குலம் விட்டால் 18 லிட்டர். வெறும் செம்மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 30 கிலோவுக்கு மேல் போகும். நார்க்கழிவும் உரமும் முக்கால் பங்குக்கு மேலிருந்தால் இருபது கிலோவுக்குள் அடங்கும். பத்துப் பை வைத்தால் 300 கிலோவா, 200 கிலோவுக்குள்ளா என்ற வித்தியாசம் இது. ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை வீட்டு பால்கனிக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 300 கிலோ தாங்கும்படி வடிவமைக்கச் சொல்கிறது. தங்கையின் பால்கனி சுமார் 3 சதுர மீட்டர். கணக்குப்படி பயமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் நிற்கிற ஆட்களும் வாஷிங் மெஷினும் அடக்கம். பழைய கட்டடமாக இருந்தால் இந்த எண்ணை நம்பி இறங்காதீர்கள். எதுவானாலும் கனமானதை வீட்டுச் சுவரோரம் வையுங்கள், வெளி விளிம்பில் வரிசையாக அடுக்காதீர்கள். கைப்பிடிக்கு வெளியே தொங்கவிடுகிற தொட்டி எனக்கு எந்த மாடியிலும் சம்மதமில்லை. கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

நார்க்கட்டி 5 கிலோ வாங்கினால் ஊறிய பின் 70 லிட்டர் போல வரும். அதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும், உப்பு இருக்கும். அலசாமல் போட்டால் நாற்று ஓரம் கருகி நிற்கும். நார்க்கழிவில் சத்து ஏதும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஈரம் பிடிக்கிற பஞ்சு அது, அவ்வளவே. நான் கலப்பது நார் இரண்டு பங்கு, மக்கிய மண்புழு உரம் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. மாதம் இரண்டு முறை மேலே ஒரு கைப்பிடி உரம். அடியில் கூழாங்கல் அடுக்கச் சொல்வார்கள். அதனால் வடிகால் மேம்படுவதில்லை, இடமும் எடையும்தான் வீண். ஓட்டை மேல் ஒரு ஓட்டாஞ்சில்லு வைத்தால் மண் ஓடாது.

தண்ணீரிலும் தேர்வு உண்டு. ஆர்.ஓ. கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுகிற வீடுகளை நிறையப் பார்க்கிறேன். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. நிலத்தில் ஊற்றினால் மழை கழுவும், தொட்டியில் தங்கிவிடும். அதைத் துணி அலசவும் வீடு துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு கிடையாது, வாளி வைத்துப் பிடித்து ஊற்றலாம். தட்டில் தேங்குகிற தண்ணீரை மட்டும் அன்றன்றைக்கே கொட்டிவிட வேண்டும். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு இப்படிப்பட்ட நல்ல தண்ணீர்தான் பிடிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் புழு கொசுவாகிவிடும்.

தங்கையிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி, தினமும் யார் ஊற்றப்போகிறீர்கள் என்பது. அவளும் கணவரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவுதான் திரும்புகிறார்கள். மாதம் ஒரு முறை சனி, ஞாயிறு திருநெல்வேலிக்கு மாமியார் வீட்டுக்குப் போகிறார்கள். அதைக் கேட்டதும் மண் தொட்டியின் எண்ணிக்கையைக் குறைத்தோம். அதற்குப் பதில் இரட்டை வாளி. கீழே ஒரு வாளியில் தண்ணீர், மேல் வாளியின் அடி ஓட்டை வழியே பழைய பருத்திப் புடவைக் கிழிசலைத் திரியாகத் தொங்கவிட்டு, மறுமுனையை மண்ணுக்குள் புதைப்பது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல மண் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும். இரண்டு வாளிக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் பொருந்தினால் கொசுவும் இறங்காது. இரண்டு மூன்று நாள் தாங்குகிறது. வழிந்து கீழ் வீட்டுக்குப் போகவும் தண்ணீர் இல்லை. அவள் இருக்கிற நிலைமைக்கு இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று இப்போது நினைக்கிறேன், தொடங்கும்போது இது எங்கள் பட்டியலிலேயே இல்லை.

ஆடி இரண்டாவது வாரம் வைத்தோம். ஸ்டாண்டின் மேல்தட்டில் வெள்ளை வாளி நான்கு ஜோடி, இரண்டில் மிளகாய், இரண்டில் கத்தரி. உள் சுவரோரம் தட்டு வைத்த குரோ பேக் மூன்று, வெண்டைக்கு. தெர்மகோல் பெட்டி இரண்டில் கீரை. சுவர் நிழல் விழுகிற தரையில் புதினாவும் கற்பூரவள்ளியும், சாதாரண பிளாஸ்டிக் தொட்டியில். மண் தொட்டி ஒன்றே ஒன்று, துளசிக்கு. தக்காளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம், மேற்கு வெயிலின் சூட்டில் பூ உதிரும், கார்த்திகைக்கு மேல் வைத்தால் காய் பிடிக்கும்.

கறிவேப்பிலைக்குத்தான் இன்னும் முடிவு வரவில்லை. அதற்கு 18 அங்குலத் தொட்டியாவது வேண்டும், மண்ணோடு அறுபது எழுபது கிலோ ஆகிவிடும், ஒருமுறை வைத்தால் நகர்த்த முடியாது. உள் சுவர் மூலையில் வைக்கலாம், அங்கே இப்போது அவளுடைய துணி காயவைக்கும் ஸ்டாண்ட் நிற்கிறது. நாற்று என் வீட்டில் 8 அங்குலப் பையில் நாலு இலையோடு காத்துக்கொண்டிருக்கிறது.